மொழி மாய்ந்ததா, மாய்க்கப்பட்டதா?

சிறு கூட்டத்தாரின் மொழிகளைப் பற்றிப் பேச்செழும் இடங்களிலெல்லாம் நம்மவருள் படித்தவர் எனப்படுவோர் ஒரு பாடத்தைத் தவறாமல் ஒப்பிக்கக் கேட்கின்றோம். "மொழியும் மரத்தைப் போன்றதே, வலுவுள்ளது தழைக்கும், வலுவற்றது பட்டுப்போகும், இஃது இயற்கை நியதி, இதில் யாரைக் குறை கூறுவது?" என்பதே அப்பாடம். பட்டணத்துச் சங்கங்களில் நாற்காலியிற் சாய்ந்துகொண்டு இதைச் சொல்வோரும் உளர். தோட்டத்து ஆபீசில் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு சொல்வோரும் உளர். கேட்பவரும், "மெய்தானே, சோறு போடாத மொழியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்று தலையசைத்துவிட்டுப் போய்விடுகின்றனர்.

இயற்கை என்னும் சொல் எத்தனையோ அநியாயங்களுக்குத் திரையாக நின்றிருக்கின்றது. பெண் அடங்கிக் கிடப்பது இயற்கை என்றனர். கூலிக்காரன் மகன் கூலிக்காரனாவது இயற்கை என்றனர். திரையை விலக்கிப் பார்த்தபோதெல்லாம் பின்னால் நின்றது இயற்கையன்று. சட்டம் எழுதிய மனிதனின் கையே. மொழிச் சாவும் அத்தகையதுதான் என்பது எமது வாதம். அதை நிறுவ நம் ஊர்ச் சண்டையை இழுத்தால், "இவன் தன் வீட்டுக்குப் பேசுகின்றான்" என்பர். ஆகையால் நமக்கு லாபமும் நட்டமும் இல்லாத ஒரு தூரதேசத்து வழக்கை எடுத்துக்கொள்வோம். பூமியின் வடகோடியில், பனி மூடிய நாட்டில், சாமி மக்களின் மொழிக்கு நேர்ந்தது யாது என்று பார்ப்போம்.

நார்வே, சுவீடன், பின்லாந்து ஆகிய நாடுகளின் வடபாகத்திலும், ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழ்பவர் சாமியர். கோடையில் நள்ளிரவிலும் சூரியன் மறையாது நிற்பதும், குளிர்காலத்தில் வாரக்கணக்காக அது முகமே காட்டாதிருப்பதும் அவர்கள் பூமியின் வழக்கம். துருவ மான் மேய்ப்போர் சிலர். கடலோரத்தில் மீன் பிடித்தும் சிறு நிலம் வைத்தும் பிழைத்து வந்தோர் பலர். சாமி என்ற பெயர் நம் செவிக்குக் கோயிலை நினைவூட்டும். ஆனால் இந்தச் சாமிகளுக்கு ஒருவரும் படையல் வைத்ததில்லை. இவர்களிடமிருந்து எடுத்துச் சென்றவரே மிகுதி. அயலார் இவர்களை 'லாப்' என்று இழிபெயரிட்டு அழைத்தனர். சாமி என்பதே அவர்கள் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் பெயர். அவர்கள் மொழியும் ஒன்றன்று. இன்று உயிரோடிருப்பவை ஒன்பது. அவற்றுள் பெரியதான வட சாமி மொழியைப் பேசுவோர் இருபதினாயிரவர் அளவினர். தென் சாமி, இனாரி சாமி முதலியவற்றைப் பேசுவோர் சில நூற்றுவரே.

இவ்வழக்கின் வேடிக்கை என்னவெனில், இதில் குற்றவாளிக் கூண்டில் நிற்கும் நார்வே தேசம், தன் மொழிக்காகத் தானே ஒரு காலத்தில் வழக்காடிய தேசம் என்பதே. நானூறு ஆண்டளவு அது டென்மார்க்கோடு பிணைக்கப்பட்டுக் கிடந்தது. 1814-ம் ஆண்டில் அப்பிடி விட்டது. எனினும் சுவீடன் மன்னரின் கீழ் இணைப்பு நேர்ந்து, 1905-ம் ஆண்டில்தான் அதுவும் அறுந்தது. டென்மார்க்கின் அதிகாரம் போன பின்னரும் அதன் எழுத்து மொழியே பள்ளியிலும் நியாயஸ்தலத்திலும் கோலோச்சிற்று. குடியானவன் பேசிய பேச்சு ஏட்டுக்கு உதவாததெனத் தள்ளப்பட்டது. இதைப் பொறாத இவார் ஓசன் என்னும் குடியானவர் மகன், நாடெங்கும் சுற்றிக் கிராமத்துப் பேச்சுகளைத் திரட்டி, அவற்றுக்கு இலக்கணமும் அகராதியும் இயற்றினார். அம்முயற்சி பெருகிப் பெருகி, 1885-ம் ஆண்டில் நார்வேப் பாராளுமன்றம் அந்த நாட்டுப்புற மொழிக்கு மேலோர் மொழியோடு சமத்துவம் வழங்கிற்று. உழுபவன் மொழியும் மொழியே என்று ஒரு தேசம் பறைசாற்றிய நாள் அது. நாமும் கைதட்டுகின்றோம்.

ஆனால் கைதட்டிய கையை அப்படியே நிறுத்திவிட்டு, வடக்கே சற்றுத் திரும்பிப் பாருங்கள். அதற்கு ஐந்தே ஆண்டு முன்னர், 1880-ம் ஆண்டில், துரோம்சோ மறைமாவட்டத்துப் பள்ளி அதிகாரிகள் உபாத்தியாயர்களுக்கு ஓர் உத்தரவு பிறப்பித்தனர். சாமிப் பிள்ளைகள் யாவரும் நார்வேஜிய மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் கற்றாக வேண்டும். சாமி மொழியைத் துணைக் கருவியாக மட்டும், தவிர்க்க முடியாத அளவுக்கு மட்டும் பயன்படுத்தலாம் என்பது உத்தரவு. அதன் வாலில் இன்னொரு விதியும் இருந்தது: நல்ல பலன் காட்டாத உபாத்தியாயருக்குச் சம்பள உயர்வு கிடையாது.

தோழர்களே, உத்தரவின் உயிர் இந்த வாலிலே இருக்கின்றது. மாதந்தோறும் சம்பளக் கணக்கெழுதும் எம்போன்றோருக்கு இதன் பொருளை அகராதி பார்த்து அறியவேண்டியதில்லை. எந்த வேலைக்குக் காசு கூடுகின்றதோ அந்த வேலை நடக்கும். எதற்குக் காசு வெட்டப்படுகின்றதோ அது நின்றுபோகும். உபாத்தியாயர் கொடியவராயிருக்க வேண்டுவதில்லை. பெண்டாட்டி பிள்ளை உள்ளவராயிருந்தாலே போதும். 1851-ம் ஆண்டிலேயே சாமியரின் கல்விக்கென்று பாராளுமன்றம் ஒரு நிதி ஒதுக்கியிருந்தது. அந்த நிதியும் நாளடைவில், பிள்ளைகளை நார்வேஜியராக்குவதில் வெற்றி கண்ட உபாத்தியாயர்களுக்கு வெகுமதி கொடுக்கும் பணப்பையாக மாறிற்று. 1898-ம் ஆண்டில் கல்வி மந்திரி வெக்செல்சன் வெளியிட்ட சுற்றறிக்கை பிடியை இன்னும் இறுக்கிற்று. ஓரூரில் பெரும்பாலோர்க்கு நார்வேஜிய மொழி விளங்காதாயினும், அங்கும் சாமி மொழியை இன்றியமையாத அளவுக்கு மேல் பள்ளியில் எடுக்கலாகாது என்றது அது. விளங்காத மொழியில் பாடம் சொல், விளங்கும் மொழியை அடக்கு என்பது கல்வியா? இதை இயற்கை என்று சொல்லும் பெரியோர், இயற்கை எந்த மாதம் சுற்றறிக்கை அனுப்பும் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்!

அடுத்தது நிலம். 1902-ம் ஆண்டில் பின்மார்க் மாகாணத்து அரசாங்க நிலங்களை விற்பது பற்றிச் சட்டமும் அதன்கீழ் விதிகளும் வந்தன. நார்வேஜிய மொழியைப் பேசவும் படிக்கவும் எழுதவும் வல்லவராய், அதை அன்றாடம் வழங்குபவராய் இருப்போர்க்கே நிலம் விற்கப்படும் என்று விதித்தனர். அந்த மண்ணில் தலைமுறை தலைமுறையாக நடந்தவன், தன் வீட்டு அடுப்படியில் எந்த மொழி பேசுகின்றான் என்பதற்குக் கணக்கொப்புவித்தால்தான் அந்த மண்ணில் ஒரு துண்டை விலை கொடுத்து வாங்கலாம்! இலவசமாகக் கேட்கவில்லை, காசு கொடுத்துத்தான். கவிதை எழுதத் தெரியுமா, இலக்கணம் தெரியுமா என்று எந்த நாட்டிலும் நிலம் வாங்க வந்தவனைக் கேட்டதில்லை. இங்கே தாயோடு பேசும் பேச்சையே பத்திரத்துக்குத் தடையாக்கினர்.

மூன்றாவது விடுதிப் பள்ளி. 1905-ம் ஆண்டு தொடங்கி பின்மார்க்கில் அரசாங்கம் விடுதிப் பள்ளிகளை எழுப்பிற்று. ஊர்கள் தூரந்தூரமாய்ச் சிதறிக் கிடக்கும் நாட்டில் விடுதி வேண்டியதே என்று வாதிக்கலாம். ஒப்புக்கொள்வோம். ஆயின் விடுதியின் நோக்கம் கூரை கொடுப்பது மட்டுமன்று. பிள்ளையை வீட்டு மொழியினின்று பிரித்தெடுப்பதும் அதன் நோக்கமாயிருந்தது. ஏழு வயதுக் குழந்தை, ஒரு சொல்லும் விளங்காத இடத்தில், பசி என்று சொல்லவும் வாயின்றி நின்றது. பல விடுதிகளில் விளையாட்டு நேரத்திலும் தாய்மொழி பேசத் தடை இருந்தது. சாமி மொழியைப் போதனா மொழியாக மறுபடியும் அனுமதித்தது 1959-ம் ஆண்டுக் கல்விச் சட்டம். 1880-க்கும் 1959-க்கும் இடையே எழுபத்தொன்பது ஆண்டு. மூன்று தலைமுறையின் நாவைக் கட்டிவிட்டு, "அவர்கள் மொழி தானாக நலிந்தது" என்றால் நம்பலாமா?

சுவீடன் தேசத்தார் வேறு வழி கண்டனர். 1913-ம் ஆண்டுச் சட்டப்படி, மான் மேய்த்துத் திரியும் சாமியரின் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளிகள் வைத்தனர். அவற்றில் கூடாரத்தின்கீழ் குறைந்த காலம், குறைந்த பாடம். நாகரிகம் பட்டால் சாமியன் கெட்டுவிடுவான், அவன் அவனாகவே இருக்கட்டும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். மான் மேய்க்காது ஊரில் குடியிருந்த சாமியரின் பிள்ளைகளையோ, சாமியராகவே எண்ணாமல் சுவீடிஷ் பள்ளிகளுக்கு அனுப்பினர். ஒரு கூட்டத்தை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதிக்குக் கல்வியைக் குறைத்தனர். மறு பாதிக்கு மொழியைப் பறித்தனர். நார்வே அணைத்து நெரித்தது. சுவீடன் ஒதுக்கி நெரித்தது. நெரிபட்ட கழுத்துக்கு இரண்டும் ஒன்றே.

"எல்லாம் சரி, பெற்றோரே தம் பிள்ளைகளிடம் அம்மொழியைப் பேசாது விட்டார்களே, அதற்கு யார் பொறுப்பு?" என்று ஒரு கேள்வி வரும். வரட்டும். கடலோரச் சாமியர் பலர் தம் மொழியை வீட்டுக்குள்ளும் அடக்கிக்கொண்டது மெய்யே. ஏன் அடக்கினர்? தாம் பள்ளியில் பட்ட அவமானம் தம் குழந்தைக்கு வேண்டாம் என்று அடக்கினர். நிலமும் வேலையும் மதிப்பும் மற்ற மொழிக்கே என்று கண்ணாரக் கண்டு அடக்கினர். வாசலில் புலியைக் கட்டி வைத்துவிட்டு, வீட்டிலிருப்பவன் தன் விருப்பப்படி வெளியே வரவில்லை என்று எழுதுவது எந்த ஊர்ச் சாட்சியம்?

சாமியர் வாய்மூடிக் கிடந்தனர் என்பதும் பொய். 1904-ம் ஆண்டிலேயே எல்சா லவுலா என்னும் பெண்மணி, தம் இனத்தார்க்கு வாழ்வா சாவா என்று கேட்டுத் துண்டு நூல் வெளியிட்டார். அதே ஆண்டில் ஆண்டர்ஸ் லார்சன் என்னும் உபாத்தியாயர் சாமி மொழியில் ஒரு பத்திரிகை தொடங்கினார். 1906-ம் ஆண்டில் ஈசாக் சாபா என்னும் மற்றோர் உபாத்தியாயர் நார்வேப் பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற் சாமியரானார். லார்சனின் பத்திரிகை 1911-ம் ஆண்டு வரை உயிர் தரித்தது. மறு ஆண்டில் அவரே சாமி மொழியின் முதல் நாவலை வெளியிட்டார். 1917-ம் ஆண்டு பெப்ரவரி 6-ம் நாள் துரோண்டெய்ம் நகரில், எல்சா லவுலாவின் முயற்சியால், நாட்டு எல்லைகளைக் கடந்து சாமியர் ஒன்றுகூடினர். அந்நாளே இன்று அவர்களின் தேசிய நாள். மடிய விரும்பிய மொழிக்குப் பத்திரிகை நடத்துவோரும் நாவல் எழுதுவோரும் உண்டோ?

பின்னர் ஆல்தா ஆற்றுப் போராட்டம் வந்தது. மின்சாரத்துக்காக அவ்வாற்றில் அணை கட்ட அரசாங்கம் துணிந்தது. முதல் திட்டத்தின்படி மாசி என்னும் சாமிக் கிராமமே நீரில் மூழ்கவிருந்தது. எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. சுருக்கிய திட்டத்தையும் எதிர்த்து 1979-ம் ஆண்டில் சாமி இளைஞர் ஒஸ்லோ நகரில் பாராளுமன்றத்தின் முன் கூடாரமடித்துப் பட்டினி கிடந்தனர். 1981-ம் ஆண்டு ஜனவரியில் சுமார் அறுநூறு போலீசார் வடக்கே சென்று மறியல் செய்தோரை அப்புறப்படுத்தினர். 1982-ம் ஆண்டில் உச்ச நீதிமன்றத்திலும் வழக்குத் தோற்றது, அணை எழுந்தது. ஆனால் தோற்றவர் வென்றனர். 1987-ம் ஆண்டில் சாமியர் சட்டம். 1988-ம் ஆண்டில் அரசியலமைப்பில் சாமியரின் மொழியையும் பண்பாட்டையும் காக்கும் கடமை. 1989-ம் ஆண்டில் கராஷொக் ஊரில் சாமிப் பாராளுமன்றம். 1992-ம் ஆண்டு முதல் ஆறு வட்டாரங்களில் சாமி மொழிக்கு நார்வேஜிய மொழியோடு சமத்துவம். பட்டினி கிடந்த வயிற்றிலிருந்து பிறந்த சட்டங்கள் இவை. எவருடைய கருணையிலிருந்தும் பிறந்தவையல்ல.

"அப்படியானால் கதை சுபமாக முடிந்ததே" என்பீர். முடியவில்லை. அந்த ஆறு வட்டாரங்களுள் ஒன்றான கோஃபியூரில் சாமிப் பெயர் எழுதிய ஊர்ப் பலகைகளைத் துப்பாக்கியால் சுட்டனர். இரும்புத் தகட்டில் எழுதிய நாலு எழுத்தைக் கண்டு சுடத் தோன்றுமளவுக்கு வெறுப்பை ஊட்டியது எது? நூறாண்டுப் பள்ளிப் பாடம் அன்றோ? பாராளுமன்றம் 2018-ம் ஆண்டில் அமைத்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2023-ம் ஆண்டு ஜூன் 1-ம் நாள் தன் அறிக்கையைக் கொடுத்தது. அடக்குமுறையின் விளைவு இன்னும் தீரவில்லை என்றும், சட்டம் ஒருபுறமும் நடைமுறை ஒருபுறமும் நிற்கின்றன என்றும் அது எடுத்துக்காட்டிற்று. 2024-ம் ஆண்டு நவம்பர் 12-ம் நாள் பாராளுமன்றம் முறைப்படி மன்னிப்புக் கோரிற்று. 1880-ம் ஆண்டு உத்தரவிலிருந்து எண்ணினால் நூற்று நாற்பத்து நான்கு ஆண்டு!

மன்னிப்பை நாம் இகழவில்லை. கேட்கத் தெரியாத அரசாங்கங்கள் நிறைந்த உலகில் கேட்டது பெரிதே. ஆனால் கணக்குப் புத்தகத்தில் மன்னிப்புக்கென்று ஒரு பத்தி இல்லை. பற்றும் வரவும்தான் உண்டு. சாமி மொழியை அழித்தது வெறுப்பு மட்டுமன்று. சம்பளம், நிலம், பள்ளி என்னும் மூன்று கருவிகள். வெறுப்பு போய்விட்டது என்று சொல்வதால் மொழி மீளாது. எந்தக் கருவிகளால் அழித்தனரோ அதே கருவிகளால்தான் மீட்க வேண்டும். அன்று சாமி மொழியை மறக்கச் செய்த உபாத்தியாயருக்குக் காசு கூடிற்று. இன்று அதைக் கற்பிப்பவருக்குக் கூடட்டும். அன்று சாமி மொழி பேசியவனுக்கு நிலம் மறுத்தனர். இன்று மான் மேயும் நிலத்தை அவர் சம்மதமின்றித் தொடாதிருக்கட்டும். அம்மொழி வாழுமிடம் புத்தக அலமாரியன்று, அம்மேய்ச்சல் நிலமே. அன்று விடுதி கட்டப் பணமிருந்தது. இன்று பள்ளிப் புத்தகம் அச்சிடவும் இருக்கட்டும். சட்டத்தில் உரிமை எழுதிவிட்டு உபாத்தியாயரை நியமியாதது, சாப்பாட்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டு அடுப்பை அணைப்பதற்கு ஒப்பாகும்.

இது நடவாத காரியமென்பார்க்குப் பின்லாந்தின் இனாரி ஏரிக்கரையே பதில். அங்கே வழங்கும் இனாரி சாமி மொழி எக்காலத்தும் சில நூற்றுவர் மொழியே. 1990-களில் அதைப் பேசும் குழந்தைகள் அநேகமாக இல்லை என்னும் நிலை வந்தது. 1997-ம் ஆண்டில், நியூசிலாந்து மாவோரியர் 1982-ம் ஆண்டில் காட்டிய வழியைப் பின்பற்றி, 'மொழிக்கூடு' என்னும் குழந்தைப் பள்ளியை அமைத்தனர். குழந்தை காலையில் வந்தது முதல் மாலை வரை அங்கு கேட்பது இனாரி சாமி மொழி மட்டுமே. இடைத் தலைமுறையில் மொழியிழந்து நின்ற பெரியோர்க்கும் 2009-ம் ஆண்டில் ஓராண்டுப் பயிற்சி வைத்து, அவர்களிலிருந்தே உபாத்தியாயரையும் எழுத்தாளரையும் உண்டாக்கினர். இன்று அங்கே குழந்தைகள் மீண்டும் அம்மொழியில் சண்டையிட்டு விளையாடுகின்றனர். சில நூறு பேர் மொழி சாவது இயற்கை விதியானால், அவ்விதி இனாரிக்கு மட்டும் விடுமுறை கொடுத்ததோ?

கடைசியாக ஒரு கேள்வி: "அம்மொழியால் உலகுக்கு என்ன பயன்?" பனியின் நிலையையும் மானின் வயதையும் நிறத்தையும் கொம்பையும் வேறுபடுத்திக் குறிக்க அம்மொழியில் உள்ள சொற்களின் பெருக்கத்தைச் சொல்லலாம். ஆயினும் அந்தப் பதிலை நாம் சொல்லப்போவதில்லை. பயன் காட்டினால்தான் உரிமை என்று ஒப்புக்கொண்ட கணத்திலேயே வழக்குத் தோற்றுவிடும். பின்னால் வந்த மொழி முதுமையில் நினைவு மங்கி மறந்துபோக, தாய் சொல்லிக் கொடுத்த மொழி மட்டும் எஞ்சி நிற்கும் கிழவி ஒருத்தி, வைத்தியரிடம் "இங்கே வலிக்கின்றது" என்று தன் மொழியில் சொல்கின்றாள். அவள் சொல் விளங்க வேண்டும். அவ்வளவே. அதற்குமேல் அவள் உலகத்துக்குப் பயன் நிரூபிக்கக் கடமைப்பட்டவளல்லள்.

தூரதேசத்து வழக்கு என்று சொன்னோம்; ஆனால் அதிலிருந்து ஓர் ஏடு நம் மேசைக்கும் வந்து சேருகின்றது. நார்வேயின் 1998-ம் ஆண்டுக் கல்விச் சட்டம், சாமி வட்டாரங்களுக்கு வெளியிலும் ஒரு வட்டாரத்தில் பத்துப் பிள்ளைகள் கேட்டால் சாமி மொழியில் போதனை பெறலாம் என்றது. மலேசியாவின் 1996-ம் ஆண்டுக் கல்விச் சட்டத்தையும் எடுத்துப் பாருங்கள். தேசியப் பள்ளிகளில் பதினைந்து பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்ய வேண்டும் என்கின்றது. பூர்வகுடிகளின் மொழிக்கும் அதே பதினைந்து. ஆனால் அதற்குமேல் 'நியாயமாகவும் நடைமுறைக்கு ஏற்றதாகவும் இருந்தால்' என்று இன்னொரு பூட்டு. நம் மொழிக்கு ஒரு பூட்டு. நமக்கு முன்னரே இம்மண்ணில் வாழ்ந்த செமாய், தெமியார் மக்களின் மொழிக்கு இரண்டு பூட்டு. நமது பூட்டைப் பற்றி நாம் எத்தனை கூட்டம் போட்டிருப்போம்! அந்த இரண்டாம் பூட்டைப் பற்றி ஒரு கூட்டத்திலாவது ஒரு வாய் திறந்ததுண்டா?

1885-ம் ஆண்டில் தன் மொழிக்குச் சமத்துவம் வாங்கிய நார்வேயின் குற்றம், தனக்குக் கேட்டதன்று. தனக்குக் கீழே ஒருவன் நிற்பதைக் காணாது விட்டதே. தனக்கென்று மட்டும் கேட்பது உரிமையாகாது, சலுகையே ஆகும். சலுகையைக் கொடுத்தவன் எந்நாளும் திரும்ப எடுத்துக்கொள்வான். எல்லார்க்கும் என்று கேட்பதே உரிமை. ஆகையால் நம் மொழிக்காக மனு எழுதும் கைகளே, அடுத்த மனுவில் இன்னும் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: அந்த இரண்டாம் பூட்டையும் திறவுங்கள் என்று.